வெள்ளி நானோகம்பிக்குப் பூச்சு: எதைப் போடுவது, எத்தனை நானோமீட்டர்?

கீற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காக வெள்ளி நானோகம்பி வழியே ஒளியைக் கடத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்பிகளின் விட்டம் 100 நானோமீட்டர் வாக்கில், நீளம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தி, நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு முனையில் 633 நானோமீட்டர் லேசரைக் குவித்தால் மறுமுனை சிவப்பாக மினுங்குகிறது. நடுவில் கம்பி கிட்டத்தட்ட இருட்டாகவே கிடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து, கம்பியின் மேல் குவாண்டம் புள்ளிகளை (ஒளி உமிழும், சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்களை) உட்கார வைத்து, அவை உமிழும் ஒளியைக் கம்பியில் ஏற்ற வேண்டும். வழிகாட்டி "முதலில் பூச்சு போடு" என்கிறார். நான் புரிந்துகொண்டவரை பூச்சு என்பது வெள்ளி கறுக்காமல் இருக்கத்தான். அப்படியானால் கையில் கிடைப்பதைப் பூசிவிடலாமா? சிலிக்கா, அலுமினா, டைட்டானியா, தங்கம், பாலிமர் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. எதை, எவ்வளவு கனத்துக்குப் போடுவது?


வெள்ளித்தேர்

வாங்க கீற்று. கறுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிஜமான தொல்லை. காற்றில் துளியூண்டு கந்தகச் சேர்மம் இருந்தாலே வெள்ளியின் மேல் சில்வர் சல்பைடு கட்டிவிடும். பெரிய வெள்ளித் தகட்டில் அது வெறும் கறை. 100 நானோமீட்டர் கம்பியில் அந்தக் கறை தின்பது, ஒளி பயணிக்கும் பரப்பையே. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் வழவழப்பான கம்பி ஓரத்தில் சொறி பிடித்த மாதிரி முண்டுமுண்டாக நிற்கும். ஒவ்வொரு முண்டும் ஒளியைச் சிதறடிக்கும்.

உங்கள் கம்பிகள் பாலியால் முறையில் செய்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்: எத்திலீன் கிளைக்கால், சில்வர் நைட்ரேட், பி.வி.பி. என்ற பாலிமர், 160 டிகிரி வெப்பம். அப்படியானால் அவற்றின் மேல் ஏற்கெனவே ஒரு பூச்சு இருக்கிறது. கம்பியின் குறுக்குவெட்டு ஐங்கோணம். பி.வி.பி. அதன் ஐந்து பக்கவாட்டு முகங்களையும் பிடித்துக்கொள்வதால்தான் வெள்ளி முனைகளில் மட்டும் சேர்ந்து நீளமாக வளர்கிறது. கழுவிய பிறகும் ஒரு மெல்லிய அடுக்கு தங்கிவிடும். புதுப் பூச்சு எதுவானாலும் அதன் மேல்தான் உட்காரப் போகிறது, இதை நினைவில் வையுங்கள்.


படலம்

கீற்று, வழிகாட்டி சொன்னது சரி, ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. பூச்சை மழைக்கோட்டு மாதிரி நினைத்தால் முழுத் திட்டமும் சறுக்கும். ஒளி எங்கே ஓடுகிறது என்று யோசியுங்கள். கம்பியின் உள்ளே ஓடவில்லை. வெள்ளிக்குள் ஒளியின் புலம் 25 நானோமீட்டர் போவதற்குள்ளேயே பெருமளவு வீழ்ந்துவிடும். ஓடுவது, பரப்பிலுள்ள எலக்ட்ரான்களின் ஊசலாட்டமும் வெளியே கம்பியைத் தழுவி நிற்கும் மின்காந்தப் புலமும் சேர்ந்த அலை, அதாவது பரப்புப் பிளாஸ்மான். அந்த அலையின் பெரும்பகுதி உலோகத்துக்கு வெளியே, நீங்கள் பூசப்போகும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே எந்தப் பொருளை வைத்தாலும் அலையின் நீளம், இழப்பு, நெருக்கம் மூன்றையும் மாற்றுகிறீர்கள்.

ஒரு கணக்கு தருகிறேன். தட்டையான வெள்ளிப் பரப்பு, 633 நானோமீட்டர் ஒளி, வெள்ளியின் மின்கடப்பு எண் (ஒளியின் மின்புலத்துக்குப் பொருள் எப்படி எதிர்வினை தருகிறது என்பதன் அளவு) மெய்ப்பகுதி −18, கற்பனைப்பகுதி 0.5 என்று வையுங்கள். மேலே காற்று இருந்தால் பிளாஸ்மானின் அலைநீளம் சுமார் 615 நானோமீட்டர், அது 60 மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓடும் (ஆற்றல் 37 சதவீதமாகக் குறையும் தூரம், இதையே ஓட்டநீளம் என்பார்கள்). கனமான சிலிக்கா (ஒளிவிலகல் எண் 1.45) இருந்தால் அலைநீளம் 410-க்கு இறங்கும், ஓட்டம் 18 மைக்ரோமீட்டர். அலுமினா (1.65) என்றால் 355 நானோமீட்டர், 11 மைக்ரோமீட்டர். வெள்ளி அதேதான், மேலே இருப்பது மட்டும் மாறியது. கம்பியில் எண்கள் வேறாக வரும், சில நானோமீட்டர் பூச்சில் விளைவு இவ்வளவு இருக்காது, ஆனால் போகும் திசை இதுதான்.

ஆகவே உங்கள் கேள்வியில் "எவ்வளவு கனத்துக்கு" என்பதுதான் முதல் கேள்வி. பொருள் அதற்குப் பிறகு.


கீற்று

மிக்க நன்றி படலம் ஐயா. அப்படியென்றால் பூச்சு போடப் போட இழப்பு கூடுகிறது. பின் எதற்குப் போட வேண்டும்? குவாண்டம் புள்ளியை நேரே வெறும் வெள்ளியின் மேல் வைத்தால் புலம் அங்கேதானே உச்சம்?


படலம்

புலம் உச்சம், ஆனால் ஒளிர்வு செத்துவிடும். கிளர்வுற்ற குவாண்டம் புள்ளிக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு: வெளியே ஒளியாக உமிழலாம், ஆற்றலைப் பிளாஸ்மானாகக் கம்பியில் ஏற்றலாம், அல்லது பக்கத்து உலோகத்தில் நேரே வெப்பமாகக் கொட்டிவிடலாம். மூன்றாவது வழியின் வேகம் தூரத்தின் முப்படிக்கு நேர்மாறு. தூரம் பாதியானால் வெப்பமாகப் போவது எட்டு மடங்கு. 5 நானோமீட்டருக்குள் நுழைந்துவிட்டால் அந்த வழியே மற்றதை விழுங்கிவிடும். மறுபக்கம், தூரம் கூடினால் பிளாஸ்மானின் புலம் அடுக்கேற்றமாகத் தேய்ந்து பிணைப்பு அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவில், 10 நானோமீட்டரை ஒட்டி, ஒரு நல்ல இடம் இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. புள்ளியே ஒரு பூச்சோடுதான் வருகிறது. காட்மியம் செலினைடு கரு, அதைச் சுற்றித் துத்தநாக சல்பைடு உறை, அதற்கு வெளியே கரிமச் சங்கிலிகள். தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் அதன் மையம் உலோகத்திலிருந்து நாலைந்து நானோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். அதனால் கம்பியின் மேல் நீங்கள் போட வேண்டிய கனம் 5 முதல் 10. முப்பது, நாற்பது என்று போனால் உங்கள் திட்டத்துக்கு அது வீண்.

இந்தச் சோதனைக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 2006-ல் சாங், சோரன்சன், ஹெம்மர், லூக்கின் ஆகியோர் உலோக நானோகம்பி தனி உமிழியை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று கணித்தார்கள். 2007-ல் ஹார்வர்டில் அகிமோவும் கூட்டாளிகளும் ஒரே ஒரு குவாண்டம் புள்ளியை வெள்ளிக் கம்பியோடு பிணைத்து, ஒற்றைப் பிளாஸ்மான்கள் கம்பியில் ஓடி முனையில் ஒற்றை ஃபோட்டான்களாக வெளிவருவதைக் காட்டினார்கள். 2009-ல் வைரத்தின் நைட்ரஜன்-வெற்றிட மையத்தை (தனித்தனி ஃபோட்டானாக உமிழும் ஒரு படிகக் குறையை) வைத்துக் கொலெசோவ் குழு, ஒற்றைப் பிளாஸ்மான் அலையாகவும் துகளாகவும் நடப்பதை அளந்தது. நீங்கள் இறங்கியிருப்பது அந்த வரிசையில்.


சிலிக்கான்வழி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தத் துறையில் சொல்லாமல் விடப்படும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். கண்ணாடிமேல் வைத்த நல்ல படிக வெள்ளிக் கம்பியில் ஓட்டநீளம் 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோமீட்டரில் மிஞ்சுவது 37 சதவீதம், 20-ல் 14 சதவீதம், 30-ல் 5 சதவீதம். டெசிபலில் சொன்னால் ஒரு மைக்ரோமீட்டருக்கு 0.43, ஒரு சென்டிமீட்டருக்கு 4000-க்கு மேல். சாதாரண சிலிக்கான் அலைவழியில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று டெசிபல்தான் இழப்பு. இதன் மேல் பூச்சு போட்டு இன்னும் குறைக்கப் போகிறோம். சில்லுக்குள் ஒளிக்கம்பி என்று இதைச் சொல்லுவதை நான் ஏற்கவில்லை.


அலைக்கணக்கு

கணக்கு சரி சிலிக்கான்வழி. அந்த 10 மைக்ரோமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 2005-ல் டிட்ல்பாஹர் குழு வேதிமுறையில் வளர்த்த வெள்ளிக் கம்பியை அளந்தது: 120 நானோமீட்டர் விட்டம், 18.6 மைக்ரோமீட்டர் நீளம், 785 நானோமீட்டர் ஒளி. பிளாஸ்மானின் அலைநீளம் 414 நானோமீட்டர், ஓட்டநீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். கம்பியின் முனை கால்வாசி ஆற்றலைத் திருப்பி அனுப்பியது, அதனால் கம்பியே ஒரு ஒத்ததிர்வுக் குழியாக நடந்துகொண்டது. ஆவியாக்கிப் படியவைத்த, பல படிகங்கள் கலந்த கம்பியில் ஓட்டம் இதைவிட மிகக் குறைவு. கீற்றின் கம்பிகள் வேதிமுறைக் கம்பிகள் என்பதால் அடித்தளம் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் "பூச்சு என்றாலே இழப்பு" என்பது முழு உண்மை இல்லை. கண்ணாடிமேல் கிடக்கும் கம்பிக்குச் சமச்சீர் கிடையாது, ஒளிவிலகல் எண் கீழே 1.5, மேலே 1. கம்பி தடிமனாக இருந்தால் மேற்புறத்தை ஒட்டி ஓடும் அலைக்கூறு ஒன்று கண்ணாடிக்குள் ஒளியைக் கசியவிட்டபடியே போகும். மேலே உயர்ந்த ஒளிவிலகல் எண்ணுள்ள பூச்சைக் கூட்டினால் அந்த அலையின் செயல்படு எண்ணும் (அலை மொத்தத்தில் உணரும் ஒளிவிலகல் எண்) உயரும், அது கண்ணாடியின் எண்ணைத் தாண்டினால் கசிவு நின்றுவிடும். உலோகத்தில் உறிஞ்சப்படுவது கொஞ்சம் கூடும், கண்ணாடிக்குள் ஒழுகுவது குறையும். மொத்தத்தில் லாபமா நட்டமா என்பதை விட்டம், அலைநீளம், கனம் மூன்றையும் வைத்துக் கணினியில் தீர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தவறாகிவிடும்.


படலம்

சிலிக்கான்வழி, தூரம் கடத்துவதற்கு நானும் வெள்ளிக் கம்பியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் வேலை, ஒளியை அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறிய இடத்தில் நெருக்கிப் பிடித்து, அங்கே இருக்கும் ஒரு மூலக்கூறையோ புள்ளியையோ வலுவாகப் பேசவைப்பது. சிலிக்கான் அலைவழியால் அது முடியாது, அதன் குறுக்களவு சில நூறு நானோமீட்டருக்குக் கீழே போனால் ஒளி பிடி நழுவிப் பரவிவிடும். 1997-ல் தகஹாரா குழு முன்வைத்த கருத்தும் இதுதான்: எதிர்மறை மின்கடப்பு எண் கொண்ட உலோகக் கம்பியில் விட்டத்தை எவ்வளவு குறைத்தாலும் அலை கட்டுண்டே இருக்கும்.

இழப்புக்கும் நெருக்கத்துக்கும் நடுவே ஒரு வழியை மெல்லிய படலமே திறந்தது என்பதைப் பாருங்கள். 2008-ல் பெர்க்லியில் ஓல்ட்டன், ஷாங் குழு ஒரு கலப்பு அலைவழியை முன்மொழிந்தது. குறைக்கடத்திக் கம்பியை உலோகப் பரப்பின் மேல் நேரே வைக்காமல், நடுவே சில நானோமீட்டர் குறைந்த எண் கொண்ட இடைவெளி விட்டால், ஒளியின் பெரும்பகுதி உலோகத்துக்குள் போகாமல் அந்த இடைவெளியிலேயே செறிந்து நிற்கும். மறு ஆண்டே காட்மியம் சல்பைடு நானோகம்பி, வெள்ளிப் படலம், நடுவே 5 நானோமீட்டர் மெக்னீசியம் ஃபுளோரைடு என்று அடுக்கிப் பிளாஸ்மான் லேசர் ஒன்றைச் செய்தார்கள். அந்த 5 நானோமீட்டர் அங்கே காவலுக்கு இல்லை, லேசர் இயங்கும் இடமே அதுதான். அதே 2009-ல் நோகினோவ் குழுவின் ஸ்பேசர் (spaser, ஒளிக்குப் பதில் பிளாஸ்மானைப் பெருக்கும் நானோலேசர்): 14 நானோமீட்டர் தங்கக் கரு, சாயம் ஊறிய சிலிக்கா உறை, மொத்தம் 44 நானோமீட்டர். பெர்க்மனும் ஸ்டாக்மனும் 2003-ல் எழுத்தில் வைத்த கருத்துக்கு உறைதான் பெருக்கும் ஊடகமாக வந்து நின்றது.


சிலிக்கான்வழி

இப்படிச் சொன்னால் ஏற்கிறேன். இழப்புக் கணக்கைக் கூடவே வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒளியைத் தொலைவுக்குக் கொண்டுபோக சிலிக்கானும், கடைசிச் சில மைக்ரோமீட்டருக்கு வெள்ளியும் என்று பிரித்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.


மறைதிரை

எதிர்த் திசையிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். உலோகமே பூச்சாக வரும் கதை. 2005-ல் ஆலூவும் எங்கெட்டாவும், ஒரு பொருளுக்குச் சரியான பிளாஸ்மான் உறை போட்டால் உள்ளிருப்பதன் சிதறலும் உறையின் சிதறலும் எதிரெதிர்க் கட்டத்தில் நின்று ஒன்றையொன்று அழித்துவிடும் என்று காட்டினார்கள். 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் பிரோங்கெர்ஸ்மா குழு அதைச் சிலிக்கான் நானோகம்பியில் செய்தது. கம்பிக்குத் தங்க உறை போட்டதும் அது ஒளியைச் சிதறடிப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒளியை உறிஞ்சி மின்சாரம் தருவதை அது நிறுத்தவில்லை. பார்ப்பது தெரியாமல் பார்க்கும் உணரி. தங்கத்தைக் கூட்டியபின் பொருள் மங்கித் தெரிகிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

இதற்கு நேர்மாறாக, உலோகமும் மின்கடத்தாப் பொருளும் மாறிமாறி அடுக்கிய கம்பி தன் அளவுக்கு மிஞ்சிய சிதறலைத் தரும்படியும் வடிவமைக்கலாம் என்று ருவானும் ஃபானும் 2010-ல் கணித்தார்கள். மறைவதும் மிகையாகத் தெரிவதும் உறையின் கனத்தில் இருக்கிறது. படலம் சொல்வதற்கு இது இன்னொரு சாட்சி.


வெள்ளித்தேர்

செய்முறைக்கு வருவோம். கீற்று, உங்களுக்கு இரண்டு பாதை.

ஒன்று சிலிக்கா, 1968-ல் ஸ்டோபரும் கூட்டாளிகளும் தந்த முறை: எத்தனாலில் கம்பிகள், கொஞ்சம் நீர், அம்மோனியா, அதில் டி.இ.ஓ.எஸ். (சிலிக்காவைத் தரும் சிலிக்கான் சேர்மம்). பி.வி.பி. ஏற்கெனவே இருப்பதால் சிலிக்கா நன்றாகவே பிடிக்கும். டி.இ.ஓ.எஸ்-ஐ ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள், சிறுசிறு தவணையாக விடுங்கள். அவசரப்பட்டால் சிலிக்கா கம்பியில் படியாமல் தானே உருண்டு மணிமணியாகத் திரளும். குடுவையைப் பார்த்தாலே தெரியும். நல்ல கம்பிக் கரைசல் சாம்பல் நிறத்தில், குலுக்கினால் பட்டு இழை மாதிரி நெளிநெளியாகப் பளபளக்கும். மணி திரண்டால் அந்த நெளிவு பாலாக மறைந்துவிடும். மெதுவாகச் சுழற்றி மையவிலக்கில் பிரித்தால் கம்பிகள் அடியில் நிற்கும், மணிகளில் பெரும்பங்கு மேலே மிதக்கும். இரண்டு மூன்று முறை கழுவ வேண்டிவரும்.

அம்மோனியாவில் கவனம். கரைந்த ஆக்சிஜனோடு சேர்ந்து அது வெள்ளியையே அரித்துக் கரைக்கும். அளவு கூடினால் உறைக்குள் கம்பி மெலிந்து, முனையில் வெற்றுக்குழலாகிவிடும். அதற்காகவே சிலர் டைமெத்தில் அமீனுக்கு மாறினார்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: வெள்ளியும் அம்மோனியாவும் கலந்த கழிவை அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாள்பட்டால் அதில் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் படியும். அன்றைக்கே அமிலமாக்கி, உங்கள் ஆய்வகப் பாதுகாப்பு விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது அலுமினா. அது நண்பர் படலத்தின் ஏரியா.

தங்கம் பற்றிக் கேட்டீர்கள். தங்க உப்பில் கம்பியைப் போட்டால் ஒரு தங்க அணு உட்கார மூன்று வெள்ளி அணு கரைந்து போகும். கம்பி பொள்ளலாகும். அதோடு 520 நானோமீட்டருக்குக் கீழே தங்கம் ஒளியை வாரி விழுங்கும். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் மட்டும் சரி. உங்களுக்கு வேண்டாம்.


நுண்நோக்கி

பூசியது பூசியபடி இருக்கிறதா என்று சோதிக்காமல் குவாண்டம் புள்ளிகளை வீணாக்காதீர்கள். ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் கரு கறுப்பாகவும் உறை வெளிறிய பட்டையாகவும் தெரியும், கனத்தை நேரே அளக்கலாம். ஒரே கம்பியில் நடுவிலும் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள்.

ஆனால் நுண்துளையை அது காட்டாது. அதற்கு 2010-ல் சியாமென் பல்கலைக்கழகத்தில் தியென் ட்சோங்-சுன் குழு கையாண்ட உத்தி இருக்கிறது. அவர்கள் 55 நானோமீட்டர் தங்கத் துகளுக்குச் சில நானோமீட்டர் சிலிக்கா உறை போட்டு, உறையிட்ட துகளால் ராமன் சிதறலை (மூலக்கூறை அடையாளம் காட்டும் ஒளிச்சிதறலை) பெருக்கும் முறையைக் கொண்டுவந்தவர்கள். உறையில் ஓட்டை உண்டா என்று பார்க்கப் பிரிடீனைப் பயன்படுத்தினார்கள். பிரிடீன் வெறும் உலோகத்தில் ஒட்டினால் ராமன் நிறமாலையில் பலமான கோடுகள் எழும். உறை முழுமையாக இருந்தால் கோடுகள் வராது. வெள்ளியிலும் இது நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவதாக உங்கள் லேசரே சோதனைக் கருவி. அரை அலைத் தகட்டை மெல்லத் திருப்புங்கள். லேசரின் முனைவாக்கம் (மின்புலம் அதிரும் திசை) கம்பிக்கு இணையாக வரும்போது மறுமுனை பளிச்சென்றும், குறுக்காக வரும்போது மங்கலாகவும் ஆக வேண்டும். பூச்சுக்குப் பிறகு இந்த வேறுபாடு குலைந்தால் பூச்சு மேடுபள்ளமாக இருக்கிறது, அல்லது முனையில் குமிழ் கட்டியிருக்கிறது. கம்பியின் நடுவில் இருந்த இருட்டில் புதிதாகப் புள்ளிகள் மினுங்கினாலும் அதே பொருள்.


கீற்று

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. எங்கள் துறையில் ஏ.எல்.டி. (அணு அடுக்குப் படிவு) கருவி இருக்கிறது. 8 நானோமீட்டர் அலுமினா என்று முடிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். படலம் ஐயா, கவனிக்க வேண்டியது என்ன? கம்பியைத் தகட்டில் வைத்தபின் பூசுவதா, முன்பேயா?


படலம்

தகட்டில் வைத்தபின். ஏ.எல்.டி. வாயுவில் நடப்பது, கரைசலில் இருக்கும் கம்பிக்குப் போட வழியில்லை. கம்பி கண்ணாடியைத் தொடும் கோட்டில் படலம் சரியாக நுழையாது, கண்ணாடிமேலும் 8 நானோமீட்டர் படியும். இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலைக்கணக்கு சொன்ன சமச்சீரின்மை இதனால் கொஞ்சம் மாறும்.

ட்ரைமெத்தில் அலுமினியமும் நீராவியும் மாறிமாறி விட்டால் ஒரு சுற்றுக்கு 0.1 நானோமீட்டர் சொச்சம் வளரும். 8 நானோமீட்டருக்கு எழுபது எண்பது சுற்று. 1974-ல் பின்லாந்தில் சுந்தோலா தொடங்கிய இந்த முறையின் வலிமையே, கனத்தைச் சுற்றுகளை எண்ணி முடிவு செய்யலாம் என்பது. ஆனால் முதல் சில சுற்றுகளை நம்பாதீர்கள். பி.வி.பி. மிச்சத்தின் மேல் அலுமினா தீவுதீவாகத் தொடங்கும், 2 நானோமீட்டர் வரை அது தொடர்ச்சியான படலம் என்று சொல்ல முடியாது. நுண்நோக்கியின் பிரிடீன் சோதனை இங்கேயும் உதவும். ஆக்சிஜன் பிளாஸ்மாவோ ஓசோனோ வேண்டவே வேண்டாம், வெள்ளி ஆக்சைடாகிவிடும். நீராவியே போதும். வெப்பத்தை 100 டிகிரியை ஒட்டி வையுங்கள். வெள்ளி உருகுவது 961 டிகிரியில் என்றாலும் மெல்லிய கம்பிகள் 200, 300 டிகிரியிலேயே அங்கங்கே இடுப்பு சுருங்கித் துளிகளாக அறுந்துபோகும். பூச்சு ஏறியபின் அந்த அபாயமும் குறையும்.

முக்கியமான ஒன்று. பூசுவதற்கு முன்பும் பின்பும் அதே கம்பியை, அதே லேசர், அதே முனைவாக்கத்தில் அளந்து வையுங்கள். சீன அறிவியல் அகாடமியில் ஷூ ஹோங்ஷிங் குழு வெள்ளிக் கம்பிகளை அலுமினாவால் பூசி, மேலே குவாண்டம் புள்ளிகளைப் பரப்பி, ஓடும் பிளாஸ்மானின் புலம் எங்கே கூடுகிறது எங்கே குறைகிறது என்பதைப் புள்ளிகளின் ஒளிர்விலேயே படமாகப் பார்த்தது. கம்பியின் நெடுக ஒரு வளைவுநெளிவான ஒளிக்கோலம் தெரியும். 2013-ல் வேய், ஷூ ஆகியோரின் வேலையில், அலுமினாவைச் சில நானோமீட்டர் கூட்டினாலே அந்தக் கோலம் நகர்ந்துவிடுவது தெரிந்தது. இரண்டு கம்பிகள் சந்திக்கும் சந்தியில் ஒளி எந்தக் கிளைக்குப் போகிறது என்பதையே அது மாற்றும். உங்கள் புள்ளி கோலத்தின் முகட்டில் விழுந்ததா, பள்ளத்தில் விழுந்ததா என்று தெரியாமல் "பிணைப்பு பலவீனம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.


அலைக்கணக்கு

கீற்று, ஒரே கனத்தோடு நிறுத்தாமல் 4, 8, 12 என்று மூன்று தகடுகள் செய்ய முடிந்தால் செய்யுங்கள். 4-ல் ஒளிர்வின் ஆயுட்காலம் (கிளர்வுற்ற புள்ளி அணைய ஆகும் நேரம்) சட்டென்று குறையும், ஆனால் மறுமுனையில் வரும் ஒளி கூடாது, ஆற்றல் வெப்பமாகப் போகிறது என்று அர்த்தம். 8-ல் ஆயுட்காலமும் குறைந்து மறுமுனையும் பிரகாசமானால் அது பிளாஸ்மானில் ஏறியிருக்கிறது. ஆயுட்காலத்தை மட்டும் அளந்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது, மறுமுனை ஒளியையும் சேர்த்தே அளக்க வேண்டும்.


வெள்ளித்தேர்

கூடவே ஒன்று: பின்னாளில் யாராவது இதை உயிரியல் உணரியாக நீர்க்கரைசலில் வைக்கக் கேட்டால், சில நானோமீட்டர் சிலிக்கா உடல்வெப்ப உப்புக் கரைசலில் மெல்ல மெல்லக் கரையும் என்பதைச் சொல்லிவிடுங்கள். காற்றில் வைத்து அளக்கும் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.


கீற்று

மூன்று தகடுகளும் செய்கிறேன், பூசாத தகடு ஒன்றும் ஒப்பீட்டுக்கு இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் அடையாளம் காணத் தகட்டில் கட்டக்குறி பொறித்து, பூசுவதற்கு முந்தைய அளவுகளை முதலில் எடுத்துவிடுகிறேன். நிறமாலைகள் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.